ஊர் வானத்தில் தெரியும் என்றிருந்தேன்

1

மகளுடைய கண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். என்ன முடிவு என்பதுதான் தெரியாது. தாய்க்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். 'ரிசல்ட் வந்திட்டுது அம்மா, பிறகு கதைக்கிறன்.' அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

பொறுக்க முடியாமல் வைத்தியசாலைக்கு நானே தொலைபேசி எடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக என் பெயரைக் கேட்டாள், மகளின் பெயரைக் கேட்டாள், பிறந்த திகதியைக் கேட்டாள். எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அதே மரியாதை குறையாமல், "அவர் வயது வந்தவர். அவருடைய சம்மதம் இல்லாமல் எதுவும் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை" என்றாள். நான் தகப்பன் என்றேன். அது தனக்கு விளங்குகிறது என்றாள். பெற்று வளர்த்தவன் என்பதை ஆங்கிலத்தில் எப்படி அழுத்திச் சொல்வதென்று கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது விசர்க்கதையாகத் தோன்றும். எனக்கு வாலிப வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்து மந்திகை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டொக்டர் கதைத்ததெல்லாம் அப்பாவோடுதான். கட்டிலில் கிடந்தவன் நானென்றாலும், நாக்கை நீட்டு என்பதற்கு மேல் என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே மகளின் கண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள மகளிடம்தான் போக வேண்டும். மகளோ நகரத்தின் நடுவில் ஒரு மாடிவீட்டில் தனியாக இருக்கிறாள். நான் எடுத்தால் வேலையில் நிற்பாள். அவள் எடுத்தால் தாயோடு கதைப்பாள்.

விழித்திரையில் வருகிற பரம்பரை வருத்தம் இது. முதலில் இருட்டில் பார்க்கிற சக்தி குறையும். பிறகு பக்கப் பார்வை போகும். கடைசியில் நடுவில் ஒரு சின்னத் துவாரம் மிஞ்சும், மிஞ்சாமலும் போகும். எனக்கு அது இருக்கிறது. மகள் அபிக்கும் இருக்கிறதா என்பதை எங்கள் வீட்டில் இப்போது ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. வசந்தி, என் மனைவி, சாமியறையில் நிற்கிற நேரம் கூடிவிட்டது. நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் நிற்கிறேன்.

எனக்கு இருப்பதை நான் அறிந்த விதத்தைச் சொன்னால், இவனுக்கு இது வேண்டும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

2

நான் கதவுப் பூட்டுகள் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவன். அபி முதலாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்கென்று சொல்லி ஒரு தொலைநோக்கி வாங்கினேன். உண்மையில் எனக்குத்தான் வாங்கினேன். அவள் ஸ்டூலில் ஏறி நின்று சனிக்கிழமை இரவுகளில் சந்திரனைப் பார்த்தாள், சனியின் வளையத்தைப் பார்த்தாள். ஓரியன் நெபுலாவைக் காட்டியபோது, "அப்பா, இது சாம்பிராணி" என்றாள். அதைவிடச் சரியான விளக்கம் நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை. பதின்மூன்று பதினாலு வயதானதும் அவளுக்குக் குளிரத் தொடங்கிவிட்டது. பிறகு பள்ளிக்கூடச் சோதனை, பிறகு சிநேகிதிகள். பின்வளவில் நான் தனியே நின்றேன்.

நெபுலாக்களைப் பார்ப்பது ஒரு மாதிரியான பைத்தியம். நட்சத்திரங்களுக்கிடையில் ஒளிர்கிற வாயு அது. படத்தில் சிவப்பும் நீலமுமாக இருக்கும். கண்ணால் பார்த்தால் கண்ணாடியில் விட்ட மூச்சு மாதிரி, இருக்கிறதா இல்லையா என்கிற சாம்பல்தான். நகரத்தின் வெளிச்சம் வானத்தில் பட்டுத் திரும்புகிறபோது அந்தச் சாம்பலும் கரைந்துவிடும். அதற்குத்தான் பில்ரர். சில்லறைக் காசளவு வட்டக் கண்ணாடி. கண்வில்லையின் அடியில் திருகிப் பூட்ட வேண்டும். நெபுலாவிலிருந்து வருகிற ஒளி குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டுமே வரும். பில்ரர் அந்த நிறங்களை விட்டு மற்றதையெல்லாம் மறித்துவிடும். தெருவிளக்கு மங்கும், நட்சத்திரம்கூட மங்கும், நெபுலா மட்டும் மங்காது. பில்ரர் ஒரு துளி வெளிச்சத்தையும் கொண்டுவருவதில்லை. மிச்சத்தை இருட்டாக்குகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பில்ரர் போட்டால் எல்லாமே இருட்டாகத்தான் இருக்கும். அந்த இருட்டுக்குள் பார்க்கிற வேலை கண்ணுடையது. கண்ணை முதலில் அரை மணித்தியாலமாவது இருளில் ஊற வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு வெளிச்சம் படாமல் தலைக்கு மேல் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு குனிந்து நிற்பேன். வசந்தி யன்னலால் பார்த்துவிட்டு, "உந்த மனிசன் வெளியிலை நிண்டு ஆவி பிடிக்குது" என்று ஊரிலுள்ள என் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லுவாள். இன்னொன்றும் செய்ய வேண்டும். மங்கலான பொருளை நேராகப் பார்க்கக் கூடாது. ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதிக்கு இருட்டு ஒத்துவராது, ஓரப்பகுதிக்குத்தான் இருட்டில் பார்க்கத் தெரியும். பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால், பார்க்காத இடத்தில் அது மெல்ல எழும்பி வரும். இதைப் பழக எனக்கு ஒரு மாரிகாலம் எடுத்தது. பழகின பிறகு அதைப் போல சந்தோசம் எனக்கு வேறெதிலும் இருந்ததில்லை.

அந்த ஓரத்தைத்தான் இந்த வருத்தம் முதலில் தின்னும்.

எனக்கு அது தெரியாது. ஒவ்வொரு மாரியிலும் நெபுலாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, நகரம் பெருகுகிறது என்றேன். புதுக் கடைத்தொகுதியின் விளக்குகளைத் திட்டினேன். பரந்த பில்ரரை விட்டு ஒடுக்கமான பில்ரர் வாங்கினேன். அதை விட்டு ஒக்சிசன் ஒளியை மட்டும் விடுகிற, அதிலும் ஒடுக்கமான ஒன்றை வாங்கினேன். வடக்கே காட்டுப் பக்கம் வானம் பார்க்கிற குழுவொன்றோடு போனேன். அங்கே நின்ற வெள்ளைக்காரக் கிழவர்கள், "ரொசெற் தெரிகிறது, வளையமே தெரிகிறது" என்றார்கள். ரோசாப்பூ என்று பெயர் வைத்த நெபுலா அது. எனக்குச் சில நட்சத்திரங்கள் மட்டுமே தெரிந்தன. இவர்கள் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டிச் சொல்லுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, வழியில் கிடந்த குளிர்பெட்டியில் தடக்கி விழுந்து எழும்பி வீட்டுக்கு வந்தேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் ஒன்று சரிவரவில்லை என்றால் அது இந்த நாட்டின் பிழை. கறிக்கு ருசி இல்லையா, இந்த நாட்டு மரக்கறி. நித்திரை வரவில்லையா, இந்த நாட்டுக் குளிர். பிள்ளை முகம் கொடுத்துக் கதைக்கவில்லையா, இந்த நாட்டுப் படிப்பு. எல்லாவற்றையும் ஊருக்குப் போனால் சரிவரும் என்ற கணக்கில் எழுதி வைத்துவிடுவோம். நான் என் கண்ணையும் அதில் எழுதிவைத்தேன். ஊர் வானத்தில் தெரியும் என்றிருந்தேன். கண் டொக்டரிடம் போகவில்லை.

3

அப்பாவின் திவசம் மாசி அமாவாசைக்கு அடுத்த நாள், வளர்பிறைப் பிரதமையில் வரும். திதிப்படி செய்கிற எங்களுக்கு ஆங்கிலத் திகதி ஒவ்வொரு வருடமும் மாறினாலும் சந்திரன் மாறாது. அப்பாவின் நாளில் நிலவே இராது. தகப்பன் இறந்த திதியை இருட்டு வசதி என்று கணக்குப் பார்த்த மகன் நானாகத்தான் இருப்பேன். மாரி மழை முடிந்து வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். ரொசெற் முன்னிரவிலேயே உச்சிக்கு வந்துவிடும். திவசத்தையும் கொடுத்து, வானத்தையும் பார்த்து வருவதாகத் திட்டம். வசந்திக்கு லீவு கிடைக்கவில்லை. அபியைக் கேட்டேன். "இந்த முறை ஏலாது அப்பா" என்றாள். எந்த முறையும் அதுதான் பதில்.

பெரிய தொலைநோக்கியைக் கொண்டுபோக முடியாது. கை நீளத்தில் குட்டையான ஒன்றை வாங்கி, உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுபோனேன். கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி அதை வெளியே எடுத்து, குழாயின் இரண்டு பக்கத்தாலும் பார்த்தார். எதைப் பார்ப்பதற்கு என்றார். ஆகாயம் என்றேன். ஆகாயத்தில் எதை என்றார். வாயு என்றேன். இந்தப் பதில் நிலைமையை மோசமாக்கியது. இன்னொரு அதிகாரி வந்தார். பிறகு அவருக்கும் மேலே ஒருவர் வந்தார். பில்ரரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அது கண்ணாடி மாதிரி மினுங்கியது. கடைசியில், நான் ஓய்வுபெற்ற கிழவன், பொழுதுபோக்கு என்றேன். கிழவன் என்ற சொல் உடனே வேலை செய்தது.

கரவெட்டியில் அக்காவும் அத்தானும் எங்கள் பழைய வளவில் இருக்கிறார்கள். அக்கா என்னைவிட ஆறு வயது மூப்பு. கண்ணில் வெண்புரை எடுத்துப் புது வில்லை வைத்திருந்தார்கள். அத்தான் ஓய்வுபெற்ற தபாலதிபர், எதையும் அறிவிக்க வேண்டியவர்களுக்கு அறிவித்துவிட்டுச் செய்கிறவர்.

"நான் விதானையாருக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன்" என்றார் முதல் நாளே, கிராம அலுவலரைச் சொல்லி. "வெளிநாட்டுக்காரர் வயலுக்கை குழாய் வைக்கிறார் எண்டு பேந்து ஆரும் கதை கட்டிவிட்டால், உமக்கில்லை, எனக்குத்தான் கரைச்சல்."

"விதானையார் என்ன சொன்னவர்?"

"தானும் வந்து பாக்கலாமோ எண்டு கேட்டவர்."

வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் வந்தேன். வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கை முழுவதும் பால் வெள்ளையாக எரிந்தது. புலம்பெயர்ந்த எங்கள் ஊர்ச் சங்கம் பூட்டிக் கொடுத்த சூரிய விளக்குகள் அவை. நானும் கொடுத்தவன்தான். என் பெயருள்ள விளக்கு வாசல் படலைக்கு நேரே நின்று என் முற்றத்துக்கு வெளிச்சம் அடித்தது. அதை ஒரு இரவுக்கு அணைக்கலாமா என்று கேட்டேன்.

"அணைக்கிறதோ?" என்றார் அக்கா. "உந்த லைற் வந்த பிறகுதான் பாம்புக்குப் பயப்பிடாமல் நடக்கிறம். நீ உன்ரை குழாயைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போ."

4

அறுவடை முடிந்த வயல். அரிந்த தாளின் ஒட்டு மட்டும் நின்றது. அமாவாசை மாலை, நாங்கள் மூன்று பேரும் போனோம். விதானையார் நல்லவேளையாக வரவில்லை. அத்தான் ரோச் லைற் அடித்துக்கொண்டு முன்னே போனார், வரம்பில் நான் இரண்டு தரம் சறுக்கினேன். வழுக்குது என்றேன். வழுக்குகிற அளவுக்கு அங்கே ஈரம் இருக்கவில்லை.

பொழுது நன்றாகப் பட்ட பிறகு ரோச்சை அணைக்கச் சொன்னேன். அந்த இடத்தில் அக்கா மெதுவாக, "அம்மாடி, இவ்வளவோ" என்றார். தலைக்கு மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடந்ததாம். எனக்கும் தெரிந்தன, பெரியவைகள். இதுதான் ஊர் வானம் என்று நினைத்துக்கொண்டேன். கனடாவில் தெரிவதைவிடக் கூடத் தெரியவில்லையே என்று மனதின் ஒரு மூலை சொன்னது. கண் இன்னும் பழகவில்லை என்று அதன் வாயை அடைத்தேன்.

கருவியின் மேலுள்ள சின்னத் தேடு குழாயில் இடத்தைப் பிடித்து, ஒக்சிசன் பில்ரரைத் திருகிப் பூட்டி, அத்தானை முதலில் அழைத்தேன். குனிந்தார், உடனே நிமிர்ந்தார். "ஓம் ஓம், வடிவாத் தெரியுது." அது மரியாதைப் பதில். விருந்துக்குப் போன இடத்தில் கறி நல்லாயிருக்கு என்பது போல. நெபுலா அவ்வளவு கெதியாக ஒருவருக்கும் தெரியாது.

அக்கா கனநேரம் குனிந்து நின்றார். அவர் யாருக்காகவும் பொய் சொல்லாதவர்.

"ஒண்டையும் காணேல்லை. நாலைஞ்சு நட்சத்திரம் கிடக்கு."

"நேரை பாக்காதேங்கோ அக்கா. கொஞ்சம் விலத்திப் பாருங்கோ. ஆரையோ கடைக்கண்ணாலை பாக்கிற மாதிரி."

"இந்த வயசிலை ஆரைக் கடைக்கண்ணாலை பாக்கிறது" என்றார் அக்கா. அத்தான் செருமினார்.

தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. அக்காவின் மூச்சுச் சத்தம் மாறியது எனக்குக் கேட்டது.

"பொறு பொறு. வருகுது. புகை மாதிரி." கொஞ்சம் பொறுத்து, "உது ஏன் தம்பி நடுவிலை ஓட்டையாக் கிடக்கு? சுத்திவரத்தான் புகை. நடுவிலை அந்த நட்சத்திரங்கள். ஒரு பக்கம் தடிப்பு, மற்றப் பக்கம் மெல்லிசு."

நான் அவருக்கு வளையம் என்று சொல்லியிருக்கவில்லை. ஓட்டை என்று சொல்லியிருக்கவில்லை. மேகம் மாதிரி ஒன்று என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அக்காவை விலக்கிக்கொண்டு குனிந்தேன். சில நட்சத்திரங்கள். ஓரக்கண்ணுக்குப் பார்வையை மாற்றினேன். அந்த நட்சத்திரங்களும் போய்விட்டன. இடப்பக்கம் தள்ளிப் பார்த்தேன், வலப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர் மாதிரி ஒரு கறுப்பு.

பில்ரரைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம் என்று திருகினேன். பில்ரர் கைதவறிக் கீழே விழுந்துவிட்டது. குந்தியிருந்து ஒட்டுக்குள் தடவினேன். நிலமும் தெரியவில்லை, என் கையும் தெரியவில்லை. அத்தான் ரோச் அடிக்கப் போனார்.

"வேண்டாம், உதிலை கிடக்கு" என்றார் அக்கா. குனிந்து ஒரே தரத்தில் எடுத்து, சீலைத் தலைப்பில் துடைத்து என் கையில் வைத்தார். நட்சத்திர வெளிச்சத்தில் எடுத்தார். அறுபத்திமூன்று வயதில். அப்போதும் நான், பில்ரர் மினுங்கியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். வாயிலிருந்து வந்ததே தவிர, அதை நான் நம்பவில்லை. இத்தனை வருடமும் வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

5

அடுத்த நாள் திவசம். ஐயர் வந்து போன பிறகு, படையல் சாப்பிட்டு, இலை எடுத்த கையோடு அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அப்பாவும் இப்பிடித்தான் தம்பி."

எங்கள் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். விளக்கு வைக்க முன்னம் வீட்டுக்கு வந்துவிடுவார். ஊரில் ஒழுக்கத்துக்கு உதாரணம் சொல்ல அவரைத்தான் சொல்லுவார்கள். கள்ளுக்கொட்டில் தெரியாது, சந்தியில் நின்று கதைக்கத் தெரியாது. மற்றப் பக்கத்தில், தலைக்கனம் பிடித்தவர் என்றும் சொல்லுவார்கள். பொழுதுபடுகிற நேரம் எதிரே வருகிற ஆட்களைப் பார்த்தும் பார்க்காதவர் போலப் போவாராம். நான் அந்த ஒழுக்கத்தைப் பற்றி இங்கே ஊர்ச் சங்க மலரில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

"அவருக்கு இருட்டிலை தெரியாது" என்றார் அக்கா. "கருக்கல் எண்டால் சைக்கிளைக் கொண்டுவந்து படலைக் கப்பிலை அடிப்பார். திருவிழாவுக்குப் போகேக்கை ஏன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போறவர் எண்டு நினைச்சனீ?"

"உங்களிலை செல்லம் எண்டு நினைச்சன்."

"செல்லமோ. வழி காட்டுறதுக்கு."

சின்ன வயதில் அதற்காக நான் அழுதிருக்கிறேன். திருவிழா வீதியில் அக்காவின் கை அப்பாவின் கைக்குள் இருக்க, நான் அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன்.

"ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா?"

"எனக்குக் கலியாணம் பேசுற நேரம். கண்ணிலை பரம்பரை வருத்தம் எண்டு வெளியிலை தெரிஞ்சால் ஆர் வருவினம்? அம்மா என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. உனக்கு வெளியிலை பேசாமல் மாமான்ரை வசந்தியையே செய்து வைச்சதும் அதுக்குத்தான். சொந்தத்துக்குள்ளை எண்டால் ஒருத்தரும் விசாரிக்க மாட்டினம்."

அக்கா அழுதார். என்னை நினைத்து அழுகிறார் என்று எண்ணினேன். அந்த நேரம் எனக்கு அபியின் நினைவே வரவில்லை. இதை எழுதும்போது அதுதான் எனக்கு ஆகப் பெரிய துக்கமாக இருக்கிறது.

6

திரும்பி வந்து கண் வைத்தியரிடம் போனேன். கண்ணுக்கு மருந்து விட்டால் கார் ஓட முடியாது என்பதால் அபி கூட வந்தாள். தன் வேலைக் கணினியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

டொக்டர் ஒரு இளம் பெண். படங்களைக் காட்டி விளங்கப்படுத்திவிட்டு, உங்கள் தாய் தகப்பன் இரத்த உறவா என்று கேட்டார். இல்லை என்றேன். நீங்களும் மனைவியும்? இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் மனதில் இரத்த உறவென்றால் சகோதரம். மச்சாள் என்றால் முடிக்கிற முறை.

அபி கணினியை மூடினாள். "அப்பா, அம்மா உங்கடை மாமான்ரை மகள்தானே. அப்பம்மாவும் அப்பப்பாவும்கூட அப்பிடித்தானே." பிறகு ஆங்கிலத்தில் டொக்டரிடம் தானே எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் ஒரு தாளில் எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொன்றாக வட்டங்களும் சதுரங்களும் கீறி இரட்டைக் கோடுகளால் இணைத்தார். அந்தத் தாளில் கடைசியாக இருந்த வட்டத்தை, உள்ளே ஒன்றும் நிரப்பாமல், வெறுமையாக விட்டார். எங்களைப் போன்ற குடும்பத்தில் பிள்ளைக்கு வருகிற சாத்தியம் சரிபாதி என்றார். அபி அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். சின்னப்பிள்ளையில் குளிருக்குள் நிற்கும்போது கீழுதட்டைக் கடிப்பாளே, அப்படிக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் காரை வாசலுக்கு எடுத்துவரப் போன பிறகு, டொக்டர் என்னிடம் இது எப்போது தொடங்கியது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து இரவில் பீற்சா கொண்டுபோய்க் கொடுத்த காலத்திலேயே வீட்டு இலக்கங்கள் தெரியாமல் இறங்கி இறங்கிப் பார்த்திருக்கிறேன். படம் தொடங்கிய பிறகு தியேட்டருக்குள் போனால் ஆட்களின் மடியில் இருக்கப் போயிருக்கிறேன். முப்பது வயதுக்கு முன்பே என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

சில கிழமைகளில் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தேன். கவுண்டரில் இருந்தவன், நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி அனுப்பினான்.

வசந்தி ஒரு நாள் சமைத்துக்கொண்டு நிற்கும்போது வெடித்தாள். "எல்லாம் உங்கடை பக்கத்தாலை வந்தது."

"உம்மடை பக்கம் எது, என்ரை பக்கம் எது?" என்றேன். "ரெண்டும் ஒரு பக்கம்தானே."

அவள் அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மற்றப் புருசன் பெண்சாதியென்றால் சண்டை பிடித்து ஆளையாள் பழி சொல்லியாவது ஆறுவார்கள். எங்களுக்கு அதற்கும் வழியில்லை. இரண்டு பேரும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது, அதையே இருவரும் சாப்பிட்டோம்.

7

இவ்வளவும் எழுதி வைத்த பிறகு, நேற்று ஞாயிற்றுக்கிழமை அபி வந்தாள். சொல்லாமல் வந்தாள். தாயைக் கட்டிப் பிடித்தாள், தேத்தண்ணி குடித்தாள், வேலையைப் பற்றிக் கதைத்தாள். வசந்தி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கே கார்த்திகை மாதத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். இருட்டத் தொடங்கியதும் அவள், "அப்பா, உங்கடை தொலைநோக்கியை நான் கொண்டுபோகட்டோ?" என்றாள்.

விற்கலாம் என்றிருந்தேன். யாருக்கு என்று தெரியாமல் கராஜில் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். பாவிக்கத் தெரியுமோ என்று கேட்டேன்.

"காட்டித் தாங்கோ."

பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள், நான் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். பின்னேர வானத்தின் மேற்குப் பக்கம், பில்ரர் போட்டால் நகரத்திலும் தெரிகிற ஒரு நெபுலா இருக்கிறது. சின்னது, உடுக்கு மாதிரி. அதை அவளுக்குச் சொன்னேன். என்னால் குறி பிடிக்க முடியாது. அவள் தன் தொலைபேசியில் வான வரைபடத்தைத் திறந்து, வெளிச்சத்தைச் சிவப்பாக மாற்றி, தானே தேடிப் பிடித்தாள். முதலில் எந்தப் பில்ரர், எதற்குப் பிறகு எது, எந்தப் பக்கம் திருகுவது, இறுக்கிப் பூட்டினால் கழற்றக் கரைச்சல், விரல் படாமல் விளிம்பில் பிடிக்க வேண்டும், எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். இவ்வளவு நேரம் நான் சொன்னதை அவள் கேட்டு எத்தனையோ வருடம். கறுப்புத் துணியை எடுத்து அவள் தலைக்கு மேல் போட்டுவிட்டேன். துணிக்குள் குனிந்து நின்றாள். குளிரவில்லை என்றாள்.

தெரிகிறதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கப் பயமாக இருந்தது. அடுத்த வளவில் யாரோ குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அப்பா," என்றாள் துணிக்குள்ளிருந்து. "உங்களுக்கு இது எத்தினை வயசிலை தொடங்கினது?"

வைத்தியசாலையில் சொல்ல மாட்டோம் என்றதை அவள் சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த வேலியைப் பிடித்துக்கொண்டேன். அபிக்கு வரும் தையில் முப்பது.

"அம்பதுக்குப் பிறகுதான் பிள்ளை" என்றேன். "அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. எல்லாம் பார்த்தனான்."

துணி அசைந்தது.

"அப்ப எனக்கு இன்னும் கன காலம் கிடக்கு" என்றாள். "அந்த மற்றப் பில்ரரைத் தாங்கோ அப்பா."